இழு, விடு, போதும்

தாஜ்மகால் பார்த்தாயா என்று மட்டும் கேட்காதீங்க அக்கா. ஆக்ராவில் ஏறினோம் என்று சொன்னதும் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். டிக்கெட் பார்க்க வந்தவர்கூடக் கேட்டார். ஆட்டோவில் போகும்போது மரத்துக்கு மேலே வெள்ளையாக ஒரு உருண்டை தெரிந்தது. இவர் “அதோ” என்று கையைக் காட்டினார். நான் பாப்பாவின் தொப்பியைச் சரி பண்ணிவிட்டு நிமிர்வதற்குள் ஒரு ஓட்டல் வந்து மறைத்துவிட்டது. நான் பார்த்த தாஜ்மகால் அவ்வளவுதான்.

கூட்டிக்கொண்டு போகிறேன் என்றுதான் சொன்னார். கல்யாணம் ஆனதிலிருந்து சொல்கிறார். முதல் நாள் சாயந்திரம் போகலாம் என்றார், இவர் சிநேகிதன் நேகி வந்துவிட்டான். மறுநாள் போகலாம் என்றார், நேகியோடு உட்கார்ந்துவிட்டார். அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை அதை மூடிவிடுவார்களாம். நேகிக்கு மட்டும் மூடுகிற நாளே கிடையாது.

கொஞ்சம் இப்படி நகர்ந்துக்குங்க அக்கா, பாப்பா காலை நீட்டிவிட்டாள். தூங்கட்டும். அவர் கதவுப் பக்கம் நிற்கிறார். காலையிலிருந்து அங்கேதான் நிற்கிறார். நான் இப்படியெல்லாம் யாரிடமும் பேசுகிறவள் இல்லை. எங்கள் குடியாத்தத்தில் கேட்டுப் பாருங்க, எழிலரசிக்கு வாய் இருக்கிறதா என்பார்கள். ரேஷன் கடையில் எடை குறைத்துப் போட்டால்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். ஆனால் இத்தனை நாளாக இந்தியையே கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போய், நீங்கள் “ஆரஞ்சு சாப்பிடறியாம்மா” என்று தமிழில் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதனால்தான்.

இவர் பேர் தணிகைவேல். பதினேழு வருஷம் மிலிட்டரி. போன வருஷம் பென்ஷனில் வந்துவிட்டார். மிலிட்டரி என்றதும் துப்பாக்கி என்று நினைக்காதீங்க. பாராசூட் மடிக்கிற வேலை. விமானத்திலிருந்து குதிக்கிறார்களே, அவர்கள் முதுகில் ஒரு மூட்டை இருக்கிறதே, அதற்குள்ளே அந்தப் பெரிய குடையை மடித்து வைக்கிறவர். குதிக்கிறவன் வேறே, மடிக்கிறவன் வேறே. குதிக்கிறவனை டிவியில் காட்டுவார்கள். மடிக்கிறவனை யார் காட்டுகிறார்கள்? பெண் பார்க்க வந்தபோதே எங்கள் சித்தி, “மாப்பிள்ளை மிலிட்டரியில துணி மடிக்கிறாராம்டி” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

வீட்டிலும் அதே வேலைதான். துவைத்த துணியை என்னை மடிக்கவிட மாட்டார். புடவையின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்வார், மறு முனையை நான் பிடிக்க வேண்டும். “இழு” என்பார். இழுக்க வேண்டும். “விடு” என்பார். விட வேண்டும். மடிப்பு நேராக வந்துவிட்டால் “போதும்.” இந்த மூன்று வார்த்தைதான் அக்கா. நடுவில் வேறு பேச்சே கூடாது. அடுப்பில் குழம்பு தீய்ந்தாலும் பேசக் கூடாது. அங்கே அது சட்டமாம். மடிக்கிற மேஜைக்குப் பக்கத்தில் யாரும் பேச மாட்டார்களாம், பேச்சில் ஒரு மடிப்புத் தவறினால் ஒருத்தன் உயிர் போய்விடுமாம். சரி, அங்கே உயிர். இங்கே என்னுடைய நைட்டிதானே?

நான் பிடித்தால் அவருக்குப் பிடிக்காது. “தளர விடறே” என்பார். இறுக்கிப் பிடித்தால், “இது கயிறு இழுக்கிற போட்டியா?” என்பார். நான் குறை சொல்லவில்லை. குடி கிடையாது, அடி கிடையாது, ஊர் வம்பு கிடையாது. பேச்சும் கிடையாது, அவ்வளவுதான். புதுப்புடவை கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றால் என்னைப் பார்க்க மாட்டார், ஓரத்தைத்தான் பார்ப்பார். “இந்த ஃபால்ஸ் வேற நூல்ல அடிச்சிருக்கு” என்பார். அந்தக் கண்ணுக்கு நூல் மட்டும் தப்பவே தப்பாது. இதை ஞாபகம் வைத்துக்குங்க.

பென்ஷனில் வந்ததிலிருந்து ஒரு செருப்புக் கம்பெனியில் செக்யூரிட்டியாக இருக்கிறார். கேட்டைத் திறக்க வேண்டும், மூட வேண்டும். வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அப்போதுதான் போன் வந்தது, ஆக்ராவில் மடிக்கிறவர்கள் எல்லாரும் மூன்று நாள் கூடுகிறார்கள், குடும்பத்தோடு வாங்க என்று. போனைக் காதில் வைத்துக்கொண்டு இவர் எழுந்து நின்றுவிட்டார் அக்கா. வீட்டுக்குள்ளே, பனியனோடு, விறைப்பாக.

லீவு விட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் பிடித்திருந்தார்கள். மைதானத்தில் பந்தல். ஒரு வகுப்பறையில் இரண்டு குடும்பம். நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறோம், எல்லாரும் “தணிகை! தணிகை!” என்று கத்துகிறார்கள். ஒரு பெரிய மீசைக்காரர், “தேரி ஜோடி கஹாங்?” என்று கேட்டார், உன் ஜோடி எங்கே என்று. ஜோடி என்றால் எனக்குத் தெரியாதா? நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, பாப்பாவை இடுப்பில் சரியாக வைத்துக்கொண்டு, ஓரடி முன்னால் போனேன். அவர் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். அத்தனை பேரும் வாசலைத்தான் பார்த்தார்கள்.

வாசலிலிருந்து ஓடி வந்தான் நேகி.

குள்ளமான ஆள். மலைக்காரன், கன்னமெல்லாம் சிவந்து கிடக்கும். ஓடி வந்து இவரை இடுப்போடு பிடித்துத் தூக்கிவிட்டான். இவர் சிரித்தார் அக்கா. வாய் நிறையச் சிரித்தார். மேல் வரிசையில் இவருக்கு ஒரு சிங்கப்பல் இருக்கிறது. எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு குழந்தையும் பெற்றுவிட்டேன், அந்தப் பல்லை நான் பார்த்ததில்லை.

இறக்கி விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிக் கைகூப்பினான். “நமஸ்தே பாவி” என்றான்.

எனக்கு எப்படி இருக்கும்? பார்த்த முதல் நிமிஷத்தில், நான் என்ன பண்ணினேன் அவனுக்கு? இவரைப் பார்த்தேன், இவர் சிரித்துக்கொண்டே நிற்கிறார். எங்கள் அறையில் தங்கியிருந்த பிரசன்னா சேச்சிதான் பிறகு சொன்னாள். அவள் வீட்டுக்காரர் ராஜப்பனும் மடிக்கிறவர்தான், பாலக்காட்டுக்காரர்கள். “அய்யோ எழிலே, அது பாவியல்ல. பாபி. பாபின்னா அண்ணி!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணியாகவே இருக்கட்டும். என் காதில் மூன்று நாளும் பாவி என்றுதான் விழுந்தது.

ஜோடி என்ன என்பதையும் சேச்சிதான் சொன்னாள். பாராசூட்டை ஒருத்தர் தனியாக மடிக்க முடியாதாம். நீளமான மேஜை. இந்த முனையில் ஒருத்தர் மடிப்பார், அந்த முனையில் ஒருத்தர் கயிறுகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு மடிக்கிறவர் கையையே பார்ப்பார். அந்த இரண்டு பேர்தான் ஜோடி. இவருக்கும் நேகிக்கும் பன்னிரண்டு வருஷம். ராஜப்பன் அதற்கு மேலே ஒன்று போட்டார்: “நீ தெரியாம கல்யாணம் கழிச்சுட்டே எழிலே. உன் மாப்பிள்ளைக்கு முன்னமே ஒரு சம்சாரம் உண்டு. பேரு நேகி!” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தப்பாக நினைப்பார்கள் அல்லவா.

பொறாமையா? எனக்கு என்ன பொறாமை அக்கா, அவன் ஆம்பளை.

மறுநாள் பந்தலில் மேஜைகளை வரிசையாகப் போட்டுவிட்டு, ஜோடி ஜோடியாக மடித்துக் காட்டினார்கள். பழசாகிக் கழித்த பாராசூட்டுகள். மீசைக்காரர் கையைத் தட்டினார், ஒரே நிசப்தம். குழந்தைகளைக்கூட வாயைப் பொத்தி வைத்திருந்தோம். இவர் இந்த முனை, நேகி அந்த முனை. அத்தனை மடிப்பு, அத்தனை கயிறு. இவர் தலையே நிமிரவில்லை. கை போகிறது, போகிற இடத்துக்கு முன்னாலேயே நேகி கை வந்து நிற்கிறது. அப்போது இவர் வாயைத் திறந்தார்.

“இழு.”

தமிழில் அக்கா! அந்த மலைக்காரனுக்குத் தமிழில் சொல்கிறார். அவன் இழுக்கிறான். “விடு.” விடுகிறான். “போதும்.” எனக்குச் சொல்கிற அதே மூன்று வார்த்தை. அவனுக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதானாம். எனக்கு மட்டும் சொல்கிற வார்த்தை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைக் கட்டுவதற்கு முன்னாலேயே அவனுக்குச் சொல்லிப் பழகியதாம். “தளர விடறே” என்று அவனுக்கு ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் கவனித்துக்கொண்டேதான் இருந்தேன்.

பாப்பா வேறு அவனிடம் போய் ஒட்டிக்கொண்டாள். அவன் கேன்வாஸில் ஒரு பொம்மைச் சிப்பாய் தைத்து வைத்திருந்தான், உள்ளே மணல், தலையில் சிவப்புத் தொப்பி. கடைசி நாள் போட்டிக்கு அந்தப் பொம்மை. முடிந்ததும் உனக்குத்தான் என்று பாப்பாவுக்குச் சைகையில் சொல்லிவிட்டான். அவ்வளவுதான், என்னிடம் சோறு வாங்க மாட்டேன் என்கிறாள். அப்பனையும் பிடித்துக்கொண்டான், பெண்ணையும் பிடித்துக்கொண்டான்.

அன்றைக்குச் சாயந்திரம்தான் விஷயம் தெரிந்தது. தாஜ்மகாலுக்குக் கிளம்பலாம் என்று நான் தலை பின்னிக்கொண்டு, பூக்கூட வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இவரும் நேகியும் மரத்தடியில் உட்கார்ந்து பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இவருக்கு அவ்வளவு பேச்சு எங்கே இருந்தது? சேச்சியைக் கேட்டேன், என்ன பேசுகிறார்கள் என்று. ஹரியானாவில் ஒரு கம்பெனி இருக்கிறதாம். பணக்காரர்கள் காசு கொடுத்து விமானத்திலிருந்து குதிக்கிறார்களாம், சும்மா ஆசைக்கு. அங்கே மடிக்க ஒரு ஜோடி வேண்டும். நேகி இவரைக் கூப்பிடுகிறான். அந்த முதலாளி நாளைக்குப் போட்டியைப் பார்க்க வருகிறாராம், பார்த்துவிட்டுக் கையோடு சேர்த்துக்கொள்வாராம்.

இவர் வந்ததும் கேட்டேன். கேட்கவே வாய் வரவில்லை, இருந்தாலும் கேட்டேன்.

“போறீங்களா?”

“பாக்கலாம்.”

“செருப்புக் கம்பெனி?”

“அது ஒரு வேலையா?”

“நானும் பாப்பாவும்?”

“பாக்கலாம்னேனே” என்றார். போய் நேகியின் சட்டையை வாங்கி மடிக்க ஆரம்பித்துவிட்டார். நேகி அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்து ஏதோ சொன்னான், “பாவி… கர்… பாவி” என்று. கர் என்றால் வீடு என்று எனக்குத் தெரியும். வீட்டிலேயே கிட என்கிறானாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பூவைக் கழற்றி ஜன்னலில் வைத்தேன்.

போவதென்றால் என்ன அக்கா? பதினேழு வருஷம் நாட்டுக்குக் கொடுத்தாச்சு. கல்யாணமாகியும் லீவுக்கு லீவு விருந்தாளி மாதிரி வந்து போனார். பாப்பா பிறந்தபோது இல்லை, நடந்தபோது இல்லை. இப்போதுதான் எனக்கு என்று வந்தார். பேசாவிட்டாலும் பரவாயில்லை, சுவரைப் பார்த்தாவது உட்கார்ந்திருக்கிறார், அது என் வீட்டுச் சுவர். அதையும் ஒருத்தன் வந்து தூக்கிக்கொண்டு போவானா?

மூன்றாம் நாள் போட்டி. சின்னதாக வெட்டித் தைத்த பாராசூட், ஒரு ஆள் கை விரித்த அகலம். அதை ஜோடி மடித்து உறையில் போட்டு, பொம்மையின் முதுகில் கட்டி, பள்ளிக்கூடத்துத் தண்ணீர் டேங்க் மேலிருந்து போட வேண்டும். உறையின் வாயை ஒரு மெல்லிசு நூலால் கட்டுவார்கள். பொம்மை விழும்போது அந்தக் கனத்தில் நூல் அறும். அறுந்தால்தான் குடை வெளியே வரும். இவர் வீட்டில்கூட ஒரு தடவை சொல்லியிருக்கிறார். நான் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன், நான் எதைக் கட்டினாலும் இரண்டு முடிச்சுப் போடுவேன், அப்போது, “நீ அங்க வந்தா கொலைகாரி ஆயிடுவே. அங்க அறுந்தாத்தான் நூலு” என்றார். எப்போதோ சொன்னது. யாருக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கும்?

காலையிலேயே மடித்தாகிவிட்டது. நூலை இவர்தான் கட்டுவார். அது எப்போதும் இவர் வேலை, இழுத்துப் பிடிப்பது நேகி வேலை. கட்டி முடித்த மூட்டையை வேறு யாரும் தொடக் கூடாது, தனியாகவும் விடக் கூடாது, அதுவும் அங்கே சட்டம். சாப்பிடக் கூப்பிட்டார்கள். இவர் என்னைப் பார்த்தார். “எழில், இதப் பாத்துக்க. யாரும் கை வெக்காம பாத்துக்க” என்றார். அத்தனை பேரில் என்னிடம் கொடுத்தார் அக்கா. அந்த மூன்று நாளில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது அது ஒரு தடவைதான்.

நான் மரத்தடியில் உட்கார்ந்து பாப்பாவின் கவுன் ஓரம் பிரிந்திருந்ததைத் தைத்துக்கொண்டிருந்தேன். இதோ இந்தக் கவுன்தான். கிளிப்பச்சை நூல், நைலான், எளிதில் அறாது. பாப்பா பொம்மை பொம்மை என்று அந்த மூட்டையைப் போய்ப் போய்த் தொடுகிறாள். அந்த நூலோ சிலந்தி வலை மாதிரி இருக்கிறது. பாப்பா ஒரு இழுப்பு இழுத்தால் அறுந்துவிடும். அப்புறம் யாரைச் சொல்வார்? என்னைத்தான் சொல்வார், பார்த்துக்கொள்ளச் சொன்னேனே என்று. பத்திரமாக இருக்கட்டும் என்று என் நூலால் மேலே ஏழெட்டுச் சுற்றுச் சுற்றினேன். இரண்டு முடிச்சு. வழக்கம்தானே.

பாப்பா இழுத்தாளா என்கிறீங்களா? இழுத்திருப்பாள். அவள் கை சும்மா இருக்காது, நீங்களே பார்த்தீங்களே, உங்கள் கண்ணாடியை என்ன பாடு படுத்தினாள். அப்போது தூங்கிக்கொண்டிருந்தாளோ என்னவோ. ஆனால் எழுந்தால் இழுத்திருப்பாள் இல்லையா?

சுற்றினதைச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். இவர்கள் கும்பலாக வந்தார்கள், அந்த முதலாளியும் கூட வந்தார், வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் நான் எப்படிப் போய்ப் பேசுவேன்? எனக்குக் கூச்சம். இவர் முதலாளியோடு பேசிக்கொண்டே பொம்மையையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு டேங்க் ஏணியில் ஏறிவிட்டார். வாயைக் கட்டின பக்கம் அவர் உடம்போடு ஒட்டித் திரும்பியிருந்தது. தன் முடிச்சை இவர் ஒரு தடவைக்கு மேல் பார்க்க மாட்டார், அவ்வளவு நம்பிக்கை.

முன்னால் போட்ட ஜோடிகளுடையது எல்லாம் அழகாக விரிந்தது. கைதட்டல். இவருடைய முறை. மேலே இருந்து கையை ஆட்டினார், சிங்கப்பல் கீழேவரைக்கும் தெரிந்தது. விட்டார்.

விரியவில்லை அக்கா.

கல் மாதிரி வந்தது. தரையில் விழுந்த சத்தம் இருக்கிறதே… அது வெறும் மணல்தான். ஆனால் பந்தலில் இருந்த அத்தனை ஆம்பளையும் ஒரே நேரத்தில் “ஹே ராம்” என்றார்கள். ராஜப்பன் தொப்பியைக் கழற்றிவிட்டார். பொம்மையின் வயிறு வெடித்து மணல் சிதறிக் கிடந்தது. பாப்பா வீறிட்டு அழுதுகொண்டு ஓடினாள், நான் அவள் பின்னால் ஓடினேன்.

எனக்கு முன்னால் நேகி போய்விட்டான். மண்டி போட்டு மூட்டையைத் திருப்பினான். கிளிப்பச்சை. பார்த்தான். பாப்பாவின் கவுனைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். அவன் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அப்போதுதான் பார்த்தேன், கண்ணெல்லாம் சின்னச் சின்னச் சுருக்கம். குனிந்து பல்லால் கடித்து நூலை அறுத்தான், சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டான்.

இவர் ஏணியில் இறங்கி வருகிறார். இறங்குகிறவருக்குப் படி தெரியவில்லை, கால் தடவித் தடவி வருகிறது. அதற்குள் முதலாளி வந்து, யார் கட்டியது என்று இந்தியில் கேட்டார். இவர், நான்தான் என்று வாயைத் திறந்தார். நேகி முந்திக்கொண்டான். நெஞ்சில் கையை வைத்து, “மைனே” என்றான். நான்தான். இவர் சாப்பிடப் போனபோது நூல் தளர்வாகத் தெரிந்தது, நான் மேலே இன்னொரு நூல் போட்டுக் கட்டினேன், தப்பு என்னுடையது என்றான். சேச்சி என் காதில் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

இவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மெதுவாகத் தமிழில் கேட்டார். “என் முடிச்சைத் தொட்டியா?”

அவனுக்கு அந்தத் தமிழ் தெரியாது. ஆனால் தலையை ஆட்டினான்.

அவ்வளவுதான். இவர் திரும்பி நடந்து வந்துவிட்டார். பன்னிரண்டு வருஷம், இப்படி ஒரு நொடியில் முடிந்தது. பாருங்க, அவனே ஒத்துக்கொண்டான். நான் வாயைத் திறக்கக்கூட இல்லை. அவனாக வந்து சொன்னதற்கு நான் என்ன பண்ண முடியும்?

முதலாளி பிறகு இவரைத் தனியாகக் கூப்பிட்டு, உன்மேல் தப்பில்லை, நீ மட்டும் வா, வேறு ஜோடி போட்டுத் தருகிறேன் என்றாராம். இவர் மாட்டேன் என்றுவிட்டார். “இனிமே நான் எதையும் மடிக்கல” என்றாராம். எனக்கு அதைக் கேட்டதும் அப்பாடா என்று இருந்தது. சாமிக்கு ஒரு தேங்காய் உடைக்க வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

சேச்சி பெட்டி கட்டும்போது ஒன்று சொன்னாள். நேகி அந்த முதலாளியிடம் முன்னாலேயே பேசி வைத்திருந்தானாம். தணிகையைத் தனியாகக் கூப்பிட மாட்டேன், பாபிக்கும் குழந்தைக்கும் சேர்த்து வீடு கொடுத்தால்தான் வருவோம் என்று. குவார்ட்டர்ஸ்கூடப் பார்த்துவிட்டு வந்தானாம், வாசலில் தண்ணீர்க் குழாய், பக்கத்தில் பால்வாடி. அன்றைக்கு மரத்தடியில் என்னைப் பார்த்துச் சொன்னது அதைத்தானாம். அதெல்லாம் சும்மா சொல்வது அக்கா. அந்த ஊரில் எனக்கு யாரைத் தெரியும்? இந்தியில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. இவர் ஏன் அதை என்னிடம் சொல்லவில்லை? பாக்கலாம் பாக்கலாம் என்றாரே தவிர. வீடு கொடுக்கிறார்கள், மூன்று பேரும் போகலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயா வலிக்கும்? சொல்லியிருந்தால் நான்… சரி, விடுங்க.

இன்றைக்கு ஸ்டேஷனுக்கு அவன் வந்தான். வெட்கம் இல்லை பாருங்க. இவர் இந்த ஜன்னல் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தார், அவனைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இந்தியில் ஏதேதோ சொன்னான். இவர் திரும்பவில்லை. வண்டி நகர ஆரம்பித்தது. அவன் கூடவே நடந்துகொண்டு, அவனுக்குத் தெரிந்த தமிழைச் சொன்னான்.

“விடு, தணிகை. விடு. போதும்.”

இவர் பிடித்த ஜன்னல் கம்பியை விடவில்லை. விரல் வெளுத்துவிட்டது. ஆனால் திரும்பவும் இல்லை.

அப்புறம் அவன் பின்னால் ஓடி வந்து, இந்த ஜன்னல் வழியாக, என் மடியில் ஒரு காகிதப் பொட்டலத்தைப் போட்டான். கைகூப்பினான். பாபி என்றான். பாபி என்றுதான் சொல்லியிருப்பான். வண்டிச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

பொட்டலத்தில் அந்தப் பொம்மை. பாப்பா கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குகிறாளே, அதுதான். இவர் இன்னும் அதைப் பார்க்கவில்லை, அப்போதே எழுந்து கதவுக்குப் போனவர்தான். வெடித்த வயிற்றைத் தைத்துக் கொடுத்திருக்கிறான். குழந்தையிடம் சொன்ன சொல் தவறக் கூடாது என்றாக்கும். இப்படி வாங்க, மெதுவாகப் பாருங்க. எழுப்பிவிடாதீங்க.

தெரிகிறதா? கிளிப்பச்சை.

வேண்டுமென்றே அதில் தைத்தானா, இல்லை கையில் இருந்தது அது ஒன்றுதான் என்று தைத்தானா? எனக்கு மண்டையைக் குடைகிறது அக்கா. என்னைக் காட்டிக்கொடுக்க நினைத்திருந்தால் அன்றைக்கே காட்டிக்கொடுத்திருப்பான். உன் நூல், நீயே வைத்துக்கொள் என்று கொடுத்தானோ? கவுன் ஓரமும் அதே நூல், பொம்மை வயிறும் அதே நூல், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறது. நான் அப்போதிருந்து போர்வையை இழுத்து இழுத்து மூடுகிறேன், இவள் உதைத்து உதைத்துத் தள்ளுகிறாள்.

என் ஊசி நூல் எல்லாம் பெட்டிக்கு அடியில் போய்விட்டது. இல்லையென்றால் பிரித்துவிட்டு வேறு நூலில் தைத்திருப்பேன். உங்களிடம் கறுப்பு நூல் இருக்குமா? வெள்ளை? எந்த நூலாக இருந்தாலும் பரவாயில்லை.

கதவு சத்தம் கேட்டதே. அவர்தான் வருகிறார். அக்கா, உங்கள் பேரன் இருக்கிறான் என்றீங்களே, அவனுக்கு வைத்துக்குங்க, புதுப் பொம்மை மாதிரிதான் இருக்கிறது. இவள் கையை நான் மெதுவாக விலக்குகிறேன், நீங்கள் அந்த முனையைப் பிடிச்சு… இழுங்க அக்கா. இழுங்க. தளர விடாதீங்க.